விறகில் ஓடிய போட்: கட்டினவன் பிழையா, ஆறு பிழையா?

கேள்வி, 09 ஐப்பசி 2022
ஆபிரிக்காவில் நாடு பார்க்கப் போன லிவிங்ஸ்டன் பாதிரியார் கருங்காலி விறகு எரித்து ஒரு நீராவிப் போட் ஓட்டினாராம். கட்டிக் கொடுத்தவன் ஏமாற்றியதால்தான் அது ஆற்றில் தாழ்ந்து போனது என்று படித்தேன். ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஓடியிருக்கும்தானே? மண்ணெண்ணெய் 340 ரூபா விற்கிற நேரத்தில் நாங்களும் ஒன்று செய்து பார்த்தால் என்ன? (முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி)

09 ஐப்பசி 2022, இரவு 9.15
கருங்காலி எரித்தது உண்மை தம்பி. லிவிங்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். கருங்காலி மட்டுமில்லை, லிக்னம் வைற்றே என்ற மரத்தையும் எரித்ததாகச் சொல்கிறார். தண்ணீரில் போட்டால் தாழுகிற மரம் அது, கப்பல் சுழலித் தண்டு உருளுகிற இடத்தில் தேயாமல் இருக்க வைப்பார்கள். எங்கள் பக்கம் வெட்டத் தடையான ஒரு கருங்காலிக் குற்றியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான் தாண்டிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும். அந்த மனிதர் அதை அடுப்பில் வைத்தார்.

போட்டின் பெயர் மா ரொபேட். 1858 இல் சாம்பேசி ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். ரொபேட் அவருடைய மூத்த மகன், அங்கத்தைய ஆட்கள் தாயை மூத்த பிள்ளையின் பெயரால் கூப்பிடுவதால் மனைவி மேரியின் பெயராகவே அது போட்டுக்கு வந்தது. கட்டினவன் ஏமாற்றினான் என்பது லிவிங்ஸ்டனின் பக்கத்துக் கதை. அதில் பாதி சரி. மிச்சம் நாளைக்கு எழுதுகிறேன், தொலைபேசியில் சார்ஜ் இல்லை.

10 ஐப்பசி 2022, மாலை 6.30
முதலில் போட்டைப் பற்றி. இங்கிலாந்தில் பேர்க்கன்ஹெட்டில், லெயாட் குடும்பத்துக் கப்பல் கட்டும் துறையில் கட்டியது. 75 அடி நீளம், 8 அடி அகலம். எங்கள் பைபர் போட்டை நினைத்துக்கொண்டு இந்த அளவைப் பார்த்தால் ஒரு வாய்க்காலுக்குள் விடச் செய்ததுபோல இருக்கும். மூன்று துண்டாகச் செய்து, பேர்ல் என்ற பெரிய கப்பலில் ஏற்றி, 1858 வைகாசியில் ஆற்று முகத்துவாரத்தில் இறக்கிப் பூட்டினார்கள்.

உருக்குத் தகடு அந்தக் காலத்தில் புதுச் சாமான், இரும்பை விட வலு என்று நம்பினார்கள். அதனால் தகட்டை மெல்லிசாக எடுத்தார்கள், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பாரம் குறையும், ஆழமில்லாத தண்ணீரில் மிதக்கும் என்ற எண்ணம். அது துருப் பிடித்த விதத்தையும் லிவிங்ஸ்டன் எழுதியிருக்கிறார்: முதலில் ஊசி முனையளவு ஓட்டை, பிறகு அதைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி நாலு பக்கமும் வெடிப்பு. உப்புக் காற்றில் கிடந்த தகரக் கூரையை இரவில் உள்ளே நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. களிமண் வைத்து அடைத்துக்கொண்டே ஓடினார்கள். படுக்கிற அறைக்குள் எப்போதும் ஈரம்.

அடுத்தது அடுப்பு. விடியப்புறம் இரண்டு மணிக்கு மூட்டினால் ஆறு மணிக்குத்தான் ஓடுகிற அளவுக்கு ஆவி வரும். ஓடத் தொடங்கினால் இழுப்புக்காரன் மாதிரி மூச்சு வாங்கும், அதனால் ஆஸ்துமாக்காரன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பாரம் ஏற்றிய உள்ளூர் வள்ளங்கள் பக்கத்தால் முந்திக்கொண்டு போகுமாம். முந்தினவர்கள் திரும்பிப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, பெரிய நட்டம்.

10 ஐப்பசி 2022, இரவு 10.05
விறகைப் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. ஒரு நாள் ஓட்டத்துக்கு வேண்டிய விறகை வெட்ட, போட்டில் இருந்த எல்லோரும் சேர்ந்து ஒன்றரை நாள் கோடரி பிடிக்க வேண்டும். ஆக இரண்டரை நாளில் ஒரு நாள்தான் ஓட்டம். நடந்து போனால் முந்திப் போயிருப்பார்கள் என்று சும்மா பகிடிக்குச் சொல்லவில்லை. போக நினைத்த நியாசா ஏரியை (இப்போது மலாவி ஏரி) கடைசியில் நடந்துதான் போய்ச் சேர்ந்தார்கள், 1859 புரட்டாதி 16.

13 ஐப்பசி 2022, காலை 7.20
"நிலக்கரி கொண்டுபோயிருக்கலாமே" என்று மன்னாரிலிருந்து ஒரு அண்ணை கேட்டிருக்கிறார். கொஞ்சம் கொண்டுபோனார்கள், ஆனால் முகத்துவாரத்துக்குக் கப்பல் வந்தால்தான் அடுத்த கரி. இதில் வேடிக்கை என்னவென்றால் சாம்பேசிக் கரையில் டெற்றே ஊருக்குப் பக்கத்திலேயே நிலக்கரி கிடந்தது, லிவிங்ஸ்டனும் கண்ணால் பார்த்தார். இன்றைக்கு அங்கே மொவாற்றிசே என்ற இடத்தில் பெரிய சுரங்கமே இருக்கிறது. சுரங்கம் வெட்ட ஆள் இல்லாதவனுக்கு நிலத்துக்குக் கீழே எவ்வளவு கிடந்தாலும் அடுப்புக்கு வராதுதானே.

13 ஐப்பசி 2022, மாலை 5.50
மில் பொயிலர் பற்றிச் சொல்லச் சொல்லி ஒருவர் கேட்கிறார். நான் பெடியனாக இருந்த காலத்தில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் அவிக்கிற மில்லில் விறகு தள்ளியிருக்கிறேன். அங்கே பழகியது ஒன்றுதான்: பச்சை விறகு நெருப்பைத் தின்னும். அன்றைக்கு வெட்டின மரத்தில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு போய்விடும், பொயிலருக்கு மிச்சம்தான் வரும், புகைபோக்கியால் வெள்ளைப் புகை மட்டும் வடிவாகப் போகும். காய்ந்த பாலை அல்லது வீரை என்றால் அழுத்தமானியின் முள் தானாக ஏறும். மழைக்காலம் வந்தால் மில் முதலாளி உமிக்கு மாறுவார், விறகுக்காரனோடு சண்டையும் தொடங்கும்.

கரையில் கட்டி, வெட்டி, உடனே எரித்துக்கொண்டு போகிற போட்டுக்குக் காய்ந்த மரம் எங்கிருந்து வரும்? பட்டுப்போன மரத்தைத் தேடித் திரிய வேண்டும். பட்ட கருங்காலியில் கோடரி ஏறாது, பொறிதான் பறக்கும். வைரமான மரம் நன்றாக எரியும், வெட்டத்தான் உயிர் போகும். லெயாட் எவ்வளவு நல்ல அடுப்பு வைத்துக் கொடுத்திருந்தாலும் இந்தச் சிக்கலில் பாதி அப்படியே இருந்திருக்கும்.

18 ஐப்பசி 2022, இரவு 8.40
சரி, கேள்விக்கு வருகிறேன். ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஓடியிருக்குமா?

ஓடியிருக்கும், சாம்பேசியில் கெப்ரபாசா என்ற பாய்ச்சல் வரைக்கும். அதற்கு மேல் எந்தப் போட்டும் போகாது.

1856 இல் லிவிங்ஸ்டன் சாம்பேசி வழியாக நடந்து கடலுக்கு வந்தார். வரும்போது ஒரு இடத்தில் ஆற்றை விட்டுக் குறுக்குப் பாதை பிடித்தார். கெப்ரபாசா இருந்தது அந்தத் துண்டில். சின்னப் பாய்ச்சல் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு விட்டுவிட்டார். பிறகு இங்கிலாந்துக்குப் போய், சாம்பேசி கடவுளே திறந்துவிட்ட பாதை, பருத்தியும் வியாபாரமும் இதால் உள்ளே போகும் என்று பேசிக் காசு எடுத்துப் போட் கட்டுவித்தார். 1858 கார்த்திகையில் போய்ப் பார்த்தால் மலை இடுக்குக்குள் பாறை மேல் பாறையாக ஆறு விழுந்து வருகிறது. அப்பவும் மனம் விடவில்லை. வெள்ளம் வரும்போது பாறை மூடும், வலுக்கூடிய போட் வந்தால் ஏறலாம் என்று இலண்டனுக்கு எழுதினார்.

இந்த வசனத்தை வாசித்ததும் எனக்குக் கனகராயன் ஆறுதான் ஞாபகம் வந்தது. மார்கழியில் ஒருவன் வந்து பார்த்தால் கப்பலே விடலாம் என்பான். அவனையே ஆடியில் கூட்டிவந்து அதே இடத்தில் நிறுத்தினால், பெடியள் மட்டை வெட்டிக் கிரிக்கெட் விளையாடுவதைப் பார்ப்பான். ஆற்றில் ஓடுகிற போட்டுக்குக் கோடைத் தண்ணீரைத்தான் அளக்க வேண்டும், மாரித் தண்ணீர் கடனுக்கு வந்தது. சாம்பேசி எங்கள் ஆறுகள் மாதிரி வற்றிப் போகிற ஆறு இல்லை என்பது தெரியும், ஆனால் மணல் திடல் கோடையில் எழும்புவது அங்கேயும் ஒன்றுதான். போன வருடம் ஓடிய வாய்க்கால் இந்த வருடம் இடம் மாறியிருக்கும்.

அந்த மலை இடுக்கில்தான் பிறகு காகோரா பாசா அணையைக் கட்டினார்கள், 1974 மார்கழியில் தண்ணீர் நிறையத் தொடங்கியது. லிவிங்ஸ்டன் கேட்ட வெள்ளம் கடைசியில் வந்து பாறையை மூடியது, கீழேயிருந்து ஏறுகிற போட்டுக்குத்தான் இப்போது முன்னால் கொங்கிரீட் சுவர்.

19 ஐப்பசி 2022, காலை 6.10
ராத்திரி எழுதினதைத் திரும்ப வாசித்தேன். லெயாட்டை ஒரேயடியாகத் தப்ப விட்ட மாதிரி வந்திருக்கிறது. அப்படியில்லை. பாரம் ஏற்றிப் பார்க்காமல், உப்புத் தண்ணீரில் ஒரு மாரி கிடக்க விடாமல், புதுத் தகட்டை வருடக்கணக்கான வேலைக்கு அனுப்புவது என்ன ஞாயம்? நான் இயந்திரம் திருத்துகிற ஆள். திருத்தின இயந்திரத்தை வள்ளத்தில் பூட்டி, முதல் தரம் நானே கூட இருந்து கரையோடு ஓட்டிப் பார்க்காமல் ஒருநாளும் கொடுத்ததில்லை. நடுக்கடலில் நின்றால் அவனுக்கு ஒரு ராத்திரி, எனக்கு அவன் அம்மாவின் வாய்.

22 ஐப்பசி 2022, இரவு 9.00
மா ரொபேட் தாழ்ந்த கதையை ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1860 மார்கழி 21 காலையில், சேனா என்ற ஊருக்கு மேலே, ஒரு மணல் திடலில் ஏறி நின்றது. பிறகு உள்ளே தண்ணீர் நிறைந்தது. இறைக்கவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. அன்று இரவே ஆறு எழும்பியது. அடுத்த நாள் பார்த்தால் இரண்டு பாய்மரங்களின் உச்சி மட்டும் ஆறடி வெளியே தெரிகிறது. கோடை முழுக்கத் தண்ணீர் காணாமல் இழுபட்ட போட்டுக்கு மேலால் அதே ஆறு ஓடுகிறது. சாமான்களில் பெரும்பகுதியை இறக்கிவிட்டார்கள், ஒருவரும் சாகவில்லை, அந்த வருட நத்தார் ஆற்றுக்குள் ஒரு தீவில்.

26 ஐப்பசி 2022, மாலை 7.15
பின்னால் வந்த போட்டைப் பற்றி ஒரு அக்கா கேட்டிருக்கிறார், வவுனியாவில் படிப்பித்தவராம். அக்கா, 1861 இல் பயனியர் என்று ஒன்று வந்தது. நல்ல போட், பலமானது, பொயிலரும் சரி. ஆனால் மூன்று அடித் தண்ணீரில் ஓடும் என்று சொல்லிச் செய்தது ஐந்து அடி கேட்டது. நியாசா ஏரியிலிருந்து வந்து சாம்பேசியில் விழுகிற ஷீரே ஆற்றில் கிழமைக் கணக்கில் மணலில் இறுகி நின்றது. நங்கூரத்தை முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தே மிச்சத் தூரம் போனார்கள். நந்திக்கடல் முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும்போது வட்டுவாகலில் வள்ளம் தள்ளினவர்களுக்கு அந்த முதுகு வலி தெரியும்.

ஆக முதல் போட் மெலிவால் போனது, இரண்டாவது பருமனால் நின்றது. இனி என் முடிவு இதுதான்: பழியைப் பங்கு பிரித்தால் லெயாட்டுக்குக் கால்வாசிக்கு மேல் வராது.

02 கார்த்திகை 2022, மதியம் 1.30
மண்ணெண்ணெய்க் கணக்கு. எப்படியும் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும்.

நல்லாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் இருக்கிற சக்தி, மண்ணெண்ணெய் ஒரு கிலோவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அதோடு போனால் பரவாயில்லை. பழைய மாதிரிச் சின்ன நீராவி இயந்திரம் அடுப்புச் சூட்டில் நூற்றுக்கு நாலு, ஐந்தைத்தான் சுழலிக்குக் கொடுக்கும், மிச்சமெல்லாம் புகைபோக்கிக்கும் ஆவிக்கும். எங்கள் வெளி இயந்திரம் அதைவிட நாலு மடங்கு கொடுக்கும். எல்லாம் பெருக்கிப் பார்த்தால் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்குப் பத்துக் கிலோ விறகு வரும். இருபது லீற்றர் எரிகிற தொழிலுக்கு இருநூறு கிலோ விறகு, அதோடு பொயிலர், அதற்குள் தண்ணீர். மீனை எங்கே போடுவது, மடியிலா?

விலை 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 க்குப் போன ஆவணிக்குப் பிறகு கரையில் கிடக்கிற வள்ளங்களை நானும்தான் பார்க்கிறேன். கோபம் வருகிறது, கணக்கு மாறவில்லை. தொண்ணூறுகளில் தடை இருந்த காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் நாலு துளி விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரிபொருளை மாற்றி ஓட்டுவதில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாங்களே அன்றைக்கு விறகுப் போட் செய்யவில்லை என்றால் காரணம் இருக்கும்.

02 கார்த்திகை 2022, இரவு 8.20
"இழுவைப் படகுக்கு உதவாதா, பாயோடு சேர்த்தால் சரிவராதா" என்கிறார்கள். பாய் என்றதும் மூன்றாவது போட்டின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. எனக்கு இதில் பிடித்த துண்டும் இதுதான்.

லேடி நியாசா. இது அரசாங்கக் காசு இல்லை, லிவிங்ஸ்டன் தன் புத்தகம் விற்ற காசில் 6,000 பவுண் போட்டுக் கட்டுவித்தது. 115 அடி நீளம், 14 அடி அகலம். 1862 இல் துண்டு துண்டாக வந்து, சாம்பேசிக் கரையில் சுப்பங்கா என்ற இடத்தில் பூட்டி ஆனியில் தண்ணீரில் இறக்கினார்கள். மேரியும் அந்தச் சாமான்கள் வந்த கப்பலில்தான் வந்தார், சித்திரை 27 இல் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். போட் தண்ணீரைத் தொட்டது அதற்குப் பிறகு. திட்டம் என்னவென்றால் ஷீரே ஆற்றுப் பாய்ச்சல்களுக்குக் கீழே போட்டைக் கழற்றி, பாதை வெட்டிச் சுமந்துபோய், மேலே ஏரியில் விடுவது. பாதை வெட்டத் தொடங்கினார்கள். கழற்றவும் தொடங்கினார்கள். 1863 இல் திரும்பி வரச் சொல்லி இலண்டனிலிருந்து கடிதம் வந்தது.

போட்டை விற்க வேண்டும். சன்சிபாருக்குக் கொண்டுபோனார், சரியான விலை வரவில்லை, வாங்குகிறவன் அடிமை ஏற்ற எடுத்துவிடுவான் என்ற பயமும் இருந்தது. அப்புறம் அந்த மனிதர் செய்த வேலையைக் கேளுங்கள்: ஆற்றுக்குச் செய்த போட்டைத் தானே ஓட்டிக்கொண்டு பம்பாய்க்குப் புறப்பட்டார். 1864 சித்திரை 30. 2,500 மைல். கையில் 14 தொன் நிலக்கரி. கூட மூன்று வெள்ளைக்காரர்கள், கடலையே முன்னம் கண்டிராத ஏழு சாம்பேசி ஆட்கள், இரண்டு சிறுவர்கள்.

காலத்தைப் பாருங்கள். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று இறங்க முந்திப் போய்ச் சேர வேண்டும். எங்கள் முல்லைத்தீவுக் கரைக்குச் சோழகம் தரையிலிருந்து வருகிற காற்று, கடல் அடங்கிக் கிடக்கும், அது எங்கள் தொழில் காலம். பம்பாய்க் கரைக்கு அது நேரே முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் தாழ்ந்த விளிம்புள்ள ஆற்றுப் போட் நடுவில் நின்றால் முடிந்தது கதை. நடுவில் காற்றே இல்லாமல் நாள்கணக்கில் பாய் தொங்கியது, கரியைப் பார்த்துப் பார்த்து எரித்தார்கள். ஆனி 13 இல் பம்பாய். 45 நாள். போட் அவ்வளவு சின்னது என்பதால் துறைமுகத்தில் ஒருவரும் கவனிக்கவே இல்லையாம்.

அடுத்த வருடம் 2,300 பவுணுக்கு விற்றார். அந்தக் காசைப் பம்பாய் வங்கி ஒன்றில் போட்டார். வங்கி முறிந்தது.

05 கார்த்திகை 2022, காலை 9.45
கடலில் போன அந்தப் போட் தாழவில்லையே, அப்ப லெயாட்டை விட நல்லாகக் கட்டினார்கள்தானே என்று தம்பி மடக்கப் பார்க்கிறார். நல்லாகக் கட்டினார்கள்தான், நான் மறுக்கவே இல்லை. ஆனால் எந்த ஏரிக்காகக் கட்டினார்களோ அந்த ஏரியின் தண்ணீரை அது ஒருநாளும் தொடவில்லை. கேள்வி ஓடியிருக்குமா என்பதுதானே? ஓடியது. போகவேண்டிய இடத்துக்கு இல்லை.

14 கார்த்திகை 2022, இரவு 10.30
மழை தொடங்கிவிட்டது, வேலை குறைவு, அதனால் இன்னொன்று.

விறகு வெட்டினவர்கள் யார் என்ற கேள்வி எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. முதலில் மேற்காபிரிக்காவிலிருந்து வந்த குரூ மாலுமிகள். பிறகு உள்நாட்டு மக்கொலோலோ இனத்து ஆட்கள். 1863 இல் சுப்பங்காவில் பயனியருக்கு விறகு வெட்டச் சேர்ந்த ஒருவரின் பெயர் சூசி. லேடி நியாசாவில் பம்பாய்க்கு வந்த சிறுவர்களில் ஒருவன் சூமா, அவனைப் பம்பாயில் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு 1873 இல் லிவிங்ஸ்டன் உள்நாட்டில் இறந்தபோது, நெஞ்சை அங்கேயே புதைத்து, உடலை உலர்த்திக் கட்டி, கடற்கரை வரைக்கும் மாதக்கணக்காக நடந்து கொண்டுவந்தவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் இந்தச் சூசியும் சூமாவும். போட்டுகளைப் பற்றித் தகடு, குதிரை வலு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இவர்களைக் கடைசி வரியில் போடுவதால் நான் தனிக் குறிப்பாகப் போடுகிறேன்.

லிவிங்ஸ்டன் இறந்த நாட்டுப்புறத்தின் பெயர் இலாலா. 1875 இல் அதே பெயரில் ஒரு சின்ன நீராவிப் போட்டைத் துண்டுகளாக ஷீரே வரைக்கும் கொண்டுவந்து, பாய்ச்சல்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஆட்கள் தோளில் சுமந்துபோய், ஐப்பசியில் நியாசா ஏரிக்குள் விட்டார்கள். அது ஓடியது. லேடி நியாசாவுக்குப் போட்ட அதே திட்டம்தான், ஒரு ஆள் தூக்கக்கூடிய பாரத்துக்குத் துண்டுகளை முதலே பிரித்துச் செய்ததுதான் வித்தியாசம். சுமக்கிறவனின் தோளை அளந்து கட்டினான் ஒருவன், வேலை நடந்தது. அந்த ஏரியில் 1951 இல் ஓடத் தொடங்கிய கப்பலுக்கும் இலாலா என்றுதான் பெயர்.

20 கார்த்திகை 2022, மாலை 4.10
தம்பி தனியாக ஒரு படம் அனுப்பியிருக்கிறார். பழைய காற்றமுக்கித் தாங்கி ஒன்றைக் கழற்றி, கீழே அடுப்பு வைக்க இரும்புச் சட்டம் அடித்து வைத்திருக்கிறார். இவ்வளவு எழுதின பிறகும்!

வேண்டாம். அந்தத் தாங்கி குளிர்ந்த காற்றுக்குச் செய்தது, அடியில் நெருப்புப் பட்டால் தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று அது வெடிக்கும்போதுதான் தெரியும். உள்ளே தண்ணீர் நீராவியாக மாறினால் ஆயிரத்து அறுநூறு மடங்கு பருக்கும். ஆசை விடவில்லை என்றால் ஒரு செப்புக் குழாயைப் பென்சிலில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் தகரப் படகின் பின்னால் தண்ணீருக்குள் விட்டு, குழாயைத் தண்ணீரால் நிரப்பி, சுருளுக்குக் கீழே மெழுகுதிரி வையுங்கள். டப் டப் என்று சத்தம் போட்டு ஓடும். கேணியில் விடலாம், குளத்தில் விடலாம். அடைப்பே இல்லாததால் வெடிக்காது. அது ஓடினால் காணொளி போடுங்கள், அடுத்த கட்டத்தை அதற்குப் பிறகு கதைப்போம். தாங்கியைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுங்கள், இப்ப கிலோவுக்கு நல்ல விலை.